பெயர் கொடுத்தாச்சு, இனி எப்படி ஓடுவது?

வாசகர் கேள்வி – பதில்

ரத்ததானம், புற்றுநோய் விழிப்புணர்வு, ஆதரவற்றோர் இல்லம், பள்ளிக்கூடக் கழிப்பறை என்று ஏதாவது ஒரு நல்ல காரியத்துக்காக நிதி திரட்டும் ஓட்டமும் நடையும் சைக்கிள் பயணமும் மதுரைப் பக்கம் இப்போது வழக்கமாகிவிட்டன. அவற்றில் கலந்துகொண்டே உடம்பையும் தேற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் ஒரு பொது மருத்துவரும் ஓட்டப் பயிற்சியாளரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

அலுவலகத்தில் எல்லோருமாகச் சேர்ந்து 5 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டோம். இன்னும் 10 வாரம் இருக்கிறது. எனக்கு வயது 41, எடை 84 கிலோ. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு ஓடியதே இல்லை. என்னால் முடியுமா?
– வங்கி ஊழியர், அனுப்பானடி

முடியும். 10 வாரம் என்பது நல்ல அவகாசம். பலரும் 10 நாளைக்கு முன்னால் பெயர் கொடுத்துவிட்டு, ஒருநாள் மூச்சிரைக்க ஓடி, ஒரு வாரம் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். உடம்புக்கு நன்மை செய்வது அந்த ஒருநாள் ஓட்டம் இல்லை, அதற்கு முன்னால் இருக்கும் வாரங்கள்தான். அதனால் 8 வாரத்துக்குக் குறைவாக இருந்தால் ஓட்டத்தில் சேராமல் நடைப் பிரிவில் சேருங்கள் என்பதே எங்கள் பொதுவான அறிவுரை.

நீங்கள் அனுப்பானடி என்பதால் வண்டியூர் தெப்பக்குளம் பக்கத்திலேயே இருக்கிறது. குளத்தை ஒருமுறை சுற்றி வந்தால் ஏறக்குறைய 1.2 கி.மீ. நான்கு சுற்றும் அதற்கு மேல் ஒரு 200 மீட்டரும் போனால் உங்கள் 5 கி.மீ. முடிந்துவிடும். போனைப் பார்த்துக்கொண்டே ஓட வேண்டியதில்லை. வண்டி நடமாட்டம் கூடுவதற்கு முன், காலை 5 மணிக்கே போய்விடுங்கள்.

முதல் இரண்டு வாரம் ஓடவே கூடாது. வாரம் நான்கு நாள், இரண்டு சுற்று வேகநடை. அரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். மூன்றாம், நான்காம் வாரங்களில் 5 நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்கிவிட்டு, 1 நிமிடம் மெது ஓட்டம், 2 நிமிடம் நடை என்று எட்டு முறை செய்து, கடைசியில் 5 நிமிடம் நடந்து முடியுங்கள். ஐந்து, ஆறாம் வாரங்களில் 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, ஏழு முறை. ஏழாம் வாரம் 3 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, ஆறு முறை. எட்டாம் வாரம் 5-க்கு 2 என்று நான்கு முறை. ஒன்பதாம் வாரம் 8-க்கு 2 என்று மூன்று முறை. அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை நேரத்தைப் பார்க்காமல், ஓடியும் நடந்தும் நான்கு சுற்றையும் முடித்துப் பாருங்கள். பத்தாம் வாரம் 20 நிமிடப் பயிற்சி இரண்டு மட்டும். மீதி நாள் ஓய்வு. ஓட்டம் தொடங்கிய மூன்றாம் வாரத்திலிருந்து வாரத்துக்கு மூன்று நாள்தான். செவ்வாய், வியாழன், ஞாயிறு என்று இடைவெளி விட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துப் பாடம் கடினமாக இருந்தால் அதையே இன்னொரு வாரம் செய்யுங்கள். நிகழ்ச்சியன்று கொஞ்சம் கூடுதலாக நடந்துகொள்வதில் ஒரு குறையும் இல்லை.

வேகத்துக்கு ஒரே ஓர் அளவுகோல் போதும். ஓடும்போது பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். 'ம்', 'ஆமா' என்று மட்டும்தான் வருகிறதென்றால் வேகம் அதிகம். புதிதாக ஓடுகிறவர்கள் பத்தில் எட்டுப் பேராவது செய்யும் தவறு இதுதான். நடையைவிடச் சற்றே வேகமாக ஓடினால் போதும் என்பதை அவர்கள் நம்புவதில்லை. எட்டு எடுத்து வைக்கும்போது காலை முன்னால் நீட்டிக் குதிகாலால் இடிக்காமல், சின்னச் சின்ன அடியாக, பாதம் உடம்புக்கு நேர் கீழே விழும்படி வையுங்கள்.

ஐந்தாம் வாரத்தில் ஓர் ஆபத்து காத்திருக்கும். நெஞ்சும் மூச்சும் நாலைந்து வாரத்திலேயே பழகிவிடும், ஆனால் தசைநாரும் எலும்பும் பழக மாதக்கணக்கில் ஆகும். மூச்சு வாங்கவில்லையே என்று அந்த நேரத்தில் ஓட்டத்தை இரட்டிப்பாக்கினால் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பின் உட்பக்க ஓரம் நீளவாக்கில் வலிக்கத் தொடங்கும். அப்படி வந்தால் ஒரு வாரம் ஓட்டத்தை நிறுத்தி நடையை மட்டும் வைத்துக்கொண்டு, பிறகு இரண்டு வாரம் பின்னால் போய்த் தொடங்க வேண்டும். வலி நீளவாக்கில் இல்லாமல், விரல் நுனியால் தொட்டுக் காட்டும் ஒரே புள்ளியில் இருந்து, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால் எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். எலும்பு மருத்துவரிடம் காட்டாமல் ஓடாதீர்கள்.

ஓடாத நாட்களில் இரண்டு நாளாவது வலுப்பயிற்சி வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது 10 தடவை, படியின் விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவது 15 தடவை, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது 12 தடவை. மூன்றையும் மூன்று சுற்று செய்ய 15 நிமிடம்தான் ஆகும்.

ஷூ வாங்க மாலையில் போங்கள். காலையைவிட மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், குதிகால் நழுவக் கூடாது. விலை உயர்ந்ததுதான் நல்லது என்றில்லை. நிகழ்ச்சியன்று புது ஷூ, புது சாக்ஸ் இரண்டும் வேண்டாம்.

எடையைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் எடைக்கு 5 கி.மீ. ஓடினால் செலவாவது சுமார் 400 கலோரி. இரண்டு பரோட்டாவும் சால்னாவும் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். எடை குறைய வேண்டுமானால் இரவுச் சாப்பாட்டையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். எடை குறையாவிட்டாலும் இரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்கம் மூன்றிலும் முன்னேற்றம் தெரியும் என்பதால் தராசைப் பார்த்துச் சோர்ந்துபோக வேண்டாம்.

ஆதரவற்றோர் இல்லத்துக்காக நடத்தும் ஓட்டத்துக்கு 600 ரூபாய் கட்டணம் வாங்குகிறார்கள். டி-ஷர்ட்டும் மெடலும் தருகிறார்கள். இந்தப் பணத்தில் எவ்வளவுதான் அந்த இல்லத்துக்குப் போகும்? வருமான வரியில் கழிக்கலாமா?
– வாசகர், கே.கே.நகர்

கேட்க வேண்டிய கேள்வி. டி-ஷர்ட், மெடல், காலை உணவு, நேரம் பதிக்கும் சில்லு, மேடை, ஒலிபெருக்கி இவ்வளவும் உங்கள் கட்டணத்திலிருந்துதான் வர வேண்டும். இந்தச் செலவை வேறொரு நன்கொடையாளர் ஏற்கிறாரா இல்லையா என்பதைப் பொறுத்து, 600 ரூபாயும் இல்லத்துக்குப் போகலாம். ஒன்றுமே போகாமலும் இருக்கலாம். பெயர் கொடுக்கும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். தொகை எந்த அமைப்பின் கணக்கில் சேர்கிறது? கட்டணத்தில் எத்தனை ரூபாய் அங்கே போகிறது? முடிந்த பிறகு வரவு செலவைப் பங்கேற்றவர்களுக்கு அனுப்புவார்களா? நேர்மையாக நடத்துகிறவர்கள் மூன்றுக்கும் உடனே பதில் சொல்வார்கள். 'வருமானத்தில் ஒரு பகுதி' என்று மட்டும் எழுதியிருந்தால் எத்தனை பகுதி என்று கேட்கத் தயங்காதீர்கள்.

பதிவுக் கட்டணம் நன்கொடை ஆகாது. அதற்கு ஈடாக உங்களுக்குப் பொருளும் சேவையும் கிடைக்கிறது. தனியாக நன்கொடை கொடுத்தால், அந்த அமைப்புக்கு நன்கொடைக்கு வரிச்சலுகை தரும் 80ஜி அங்கீகாரம் இருந்தால், பழைய வரி முறையில் இருப்பவர் கழிக்கலாம். புதிய முறையில் இந்தச் சலுகை இல்லை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் இல்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது, எங்களுக்கு அதுதான் பிடித்தது. கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தெரிந்தவர்களிடம் வாக்கு வாங்கிக்கொண்டு ஓடுவது. கி.மீ.க்கு 20 ரூபாய் என்று 25 பேர் ஒப்புக்கொண்டால், 5 கி.மீ.க்கு 2,500 ரூபாய். கனடாவில் புற்றுநோயால் ஒரு காலை இழந்த டெர்ரி ஃபாக்ஸ் 1980-இல் செயற்கைக் காலோடு 143 நாளில் 5,373 கி.மீ. ஓடியபோது, நாட்டு மக்களிடம் கேட்டது தலைக்கு ஒரு டாலர்தான். இப்படி வாங்கும் வாக்கு உங்கள் பயிற்சிக்கும் காவலாக இருக்கும். 25 பேர் 'எத்தனை சுற்று ஆச்சு?' என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது காலையில் போர்வையை இழுத்து மூடிக்கொள்ள மனம் வராது.

நான் ஆட்டோ ஓட்டுகிறேன். வயது 52. ஏழு வருடமாகச் சர்க்கரை நோய். மாத்திரை மட்டும் சாப்பிடுகிறேன். எங்கள் ஸ்டாண்டிலிருந்து ரத்ததான விழிப்புணர்வு நடைக்கு 6 கி.மீ. போகிறோம். போகலாமா?
– ஆட்டோ ஓட்டுநர், செல்லூர்

போகலாம், போகவும் வேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டும் உங்களுக்கு நடைதான் பெரிய மருந்து. ஆனால் முதலில் மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் நடக்கும்போது சர்க்கரை அபாயகரமாக இறங்குவது அரிது. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு என்ற பெயர்களில் ஒன்று இருந்தால், அல்லது இன்சுலின் போட்டால், தாழ்சர்க்கரை, அதாவது சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது, வரலாம். அன்று காலை மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்பதை உங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். நீங்களாகக் குறைக்காதீர்கள்.

கிளம்பும் முன் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 100-க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு இட்லியோ சாப்பிட்டு, 20 நிமிடம் கழித்துத் தொடங்குங்கள். 100-லிருந்து 250 வரை தாராளமாக நடக்கலாம். 250-க்கு மேல் இருந்து, வாய் வறட்சி, குமட்டல், அசதி என்று ஏதாவது இருந்தால் அன்று வேண்டாம். சட்டைப் பையில் ஒரு சின்னப் பொட்டலத்தில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கட்டாயம் இருக்க வேண்டும். திடீரென்று கை நடுங்கி, வியர்த்து, கண் இருண்டு, காரணமில்லாமல் எரிச்சல் வந்தால் நின்று, அந்தச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் உட்கார்ந்து மறுபடி பாருங்கள். 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை அதே அளவு. வெயிலில் வரும் வியர்வையையும் தாழ்சர்க்கரை வியர்வையையும் பிரித்தறிவது கடினம் என்பதால் சந்தேகம் வந்தாலே சர்க்கரையைச் சாப்பிட்டுவிடுவது நல்லது. அன்று இரவும் சர்க்கரை இறங்கலாம். சாப்பிடாமல் படுக்காதீர்கள், நடந்து முடித்த கையோடு வெறும் வயிற்றில் சவாரிக்கும் கிளம்பாதீர்கள்.

காலில் உணர்ச்சி மங்கியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். செருப்பு கழன்றதே தெரியாமல் நடக்கிறவர், கொப்புளம் வந்ததையும் உணர மாட்டார். ஷூவைப் போடும் முன் கவிழ்த்துத் தட்டுங்கள், உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். நடந்து வந்ததும் பாதத்தின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வேண்டுதல் நடையாக இருந்தாலும் சர்க்கரைக்காரர் வெறுங்காலில் நடக்கக் கூடாது. பழனி பாதயாத்திரையில் ஒரு கொப்புளமாகத் தொடங்கி விரலை எடுப்பதில் முடிகிற அபாயம் இவர்களுக்குத்தான்.

கடைசியாக இரண்டு பரிசோதனை. ஏழு வருடச் சர்க்கரைக்கு நெஞ்சுவலி இல்லாமலேயே இதய அடைப்பு இருக்கலாம், அதனால் மருத்துவரிடம் சொல்லி இசிஜி எடுத்துக்கொள்ளுங்கள். விழித்திரையையும் பாருங்கள். அங்கே புதிய இரத்தக் குழாய்கள் முளைத்திருந்தால் கடும் உழைப்பில் கண்ணுக்குள் இரத்தம் கசியலாம். 1976-இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கிய ஊரில் இருந்துகொண்டு விழித்திரையைக் காட்டாமல் விடுவதற்குக் காரணமே இல்லை.

ஓட்டம் காலை 5.30-க்கு. வெறும் வயிற்றோடு போகலாமா? தண்ணீர் எவ்வளவு குடிப்பது?
– கல்லூரி மாணவி, பசுமலை

5 கி.மீ.க்கு வயிற்றை நிரப்ப வேண்டியதில்லை. முதல்நாள் இரவு வழக்கமான சாப்பாடு, புறப்படுவதற்கு 45 நிமிடம் முன் ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் தண்ணீர். 10 கி.மீ. என்றால் இரண்டு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி, சர்க்கரை தொட்டு. சாம்பாரும் காரச் சட்னியும் ஓடும்போது எதுக்களிக்கும். ஓடும்போது தாகத்துக்குக் குடித்தால் போதும். 'தாகம் வரும் முன்பே குடி' என்று லிட்டர் கணக்கில் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். மணிக்கணக்கில் மெதுவாகப் போகிறவர்களுக்கு இது உண்மையான ஆபத்து. முடிந்ததும் நீர்மோர் உப்புப் போட்டு இரண்டு டம்ளர், அரை மணி நேரத்துக்குள் இட்லியோ பொங்கலோ. பருத்திப்பால் விற்கும் வண்டி எதிர்ப்பட்டால் அதுவும் சரிதான். ஜிகர்தண்டாவை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 36 வயது. மகளிர் நடை 3 கி.மீ.யில் கலந்துகொள்ள ஆசை. ஆனால் கொஞ்சம் வேகமாக நடந்தாலே மூச்சு வாங்குகிறது. புடவையில் நடக்கலாமா? எங்கள் தெருவில் விடியற்காலையில் நாய்த் தொல்லை வேறு.
– இல்லத்தரசி, எல்லிஸ் நகர்

மூச்சு வாங்குவதைப் பயிற்சிக் குறைவு என்று விட்டுவிடாமல் ஹீமோகுளோபின் பாருங்கள், அம்மா. 12-க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு நடந்தாலும் களைப்புதான் மிஞ்சும். இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு சாப்பிடாதீர்கள், சத்து உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாறோடு சாப்பிடுங்கள். மாதவிலக்கில் போக்கு அதிகமா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

புடவையில் 3 கி.மீ. நடக்கலாம். கணுக்கால் தெரியும்படி உயர்த்திக் கட்டி, முந்தானையைச் செருகிக்கொண்டால் தடுக்காது. பழகினால் சுடிதாரும் ஷூவும் இன்னும் வசதி, துப்பட்டாவை மட்டும் குறுக்கே முடிந்துகொள்ளுங்கள். ஓட நினைத்தால் விளையாட்டுக்கான இறுக்கமான உள்ளாடை வேண்டும். சாதாரணமானது மார்பைத் தாங்காது, தோள்பட்டையும் வலிக்கும். தொடை உரசிப் புண்ணாகும் இடத்தில் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவிக்கொண்டு கிளம்புங்கள்.

நாய் விஷயத்தில், தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேராகப் போங்கள். துரத்தினால் ஓடாதீர்கள், நின்று நேருக்கு நேர் முறைக்காமல் மெல்லப் பின்வாங்குங்கள். கடித்தாலோ பல் கீறினாலோ அந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு, அவர்கள் சொல்லும் தேதிகளில் மீதி ஊசிகளையும் தவறாமல் போடுங்கள்.

மூட்டுத் தேய்மானம் என்று எக்ஸ்ரேயில் சொன்னார்கள். வயது 61. முன்னாள் மாணவர்கள் நடத்தும் நடைக்கு என்னை அழைக்கிறார்கள். நடந்தால் மூட்டு இன்னும் தேயாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மேலூர்

தேயாது, ஐயா. மூட்டுக்குச் சத்து போவதே அதை அசைப்பதால்தான். உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை மெலியும், பாரம் முழுதும் மூட்டின்மேல் இறங்கும். வலிக்கு ஓர் அளவு வைத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு மூன்று வரையிலான வலியோடு நடக்கலாம். மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்தத் தூரம் உங்களுக்குச் சரியான தூரம். மறுநாளும் வலியோ வீக்கமோ இருந்தால் தூரத்தை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி 5 எண்ணும்வரை பிடித்து இறக்குவது, ஒவ்வொரு காலுக்கும் 10 தடவை, காலை மாலை. ஆறு வாரத்தில் மாடிப்படி ஏறும்போது வித்தியாசம் தெரியும். மேலூர்ப் பக்கம் கால்வாய்க் கரையின் மண்பாதை கிடைத்தால் தார்ச்சாலையைவிட அது மூட்டுக்கு இதம், ஆனால் ஒரு பக்கமாகச் சரிந்த கரை வேண்டாம். மலைப் படிகளையும் கொஞ்ச நாள் ஒதுக்குங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் மூட்டுக்குப் பாரம்.

மதுரையிலிருந்து அழகர்கோவில் போய்த் திரும்பும் சைக்கிள் பயணத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். கியர் இல்லாத பழைய சைக்கிள்தான். போதுமா?
– தையல் தொழிலாளி, புதூர்

போதும். ஒரு வழி 21 கி.மீ., போய்வர 42. மணிக்கு 14 கி.மீ. வேகத்தில் மூன்று மணி நேரம். ஆறு வாரம் முன்பே தொடங்கி, ஞாயிறுதோறும் 10, 15, 20, 28, 35 என்று கூட்டுங்கள், கடைசி ஞாயிறு 15 போதும். வார நாளில் இரண்டு தடவை அரை மணி நேரம்.

சீட்டின் உயரம்தான் எல்லாம். சீட்டில் உட்கார்ந்து, கீழே இறங்கிய பெடலில் குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக நிற்க வேண்டும். அப்போது முன்பாதத்தால் மிதிக்கும்போது லேசான மடக்கு இருக்கும். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் சீட் உயரம். ஒரு தடவைக்குக் கால் அங்குலத்துக்கு மேல் மாற்றாதீர்கள். காற்று அளவு டயரின் பக்கவாட்டிலேயே பொறித்திருக்கும். குறைவாக இருந்தால் மிதி கனக்கும், குழியில் டியூப் ரிம்முக்கு நடுவே நசுங்கி பஞ்சராகும். கிளம்புவதற்கு முந்திய வாரமே பிரேக் கட்டையையும் செயினையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். முதல்நாள் இரவு காட்டினால், அவர் மாற்றிய பாகம் சரியாக உட்கார்ந்ததா என்பதை நடுவழியில்தான் கண்டுபிடிப்பீர்கள்.

கூட்டமாகப் போகும்போது முன்னால் போகிறவருக்கும் உங்களுக்கும் இரண்டு சைக்கிள் நீளம் இடைவெளி, பிரேக் போடும் முன் ஒரு குரல். ஹெல்மெட் இல்லாமல் வேண்டாம். அழகர்கோவிலில் குரங்குகள் அதிகம் என்பதால் வாழைப்பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்காதீர்கள்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்குக் கழிப்பறை கட்ட, 300 பேரை வைத்து 5 கி.மீ. நடை–ஓட்டம் நடத்த நினைக்கிறோம். என்னென்ன ஏற்பாடு வேண்டும்? எந்த மாதம் நல்லது?
– இளைஞர் குழு, சோழவந்தான்

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. கத்திரி வெயிலில் வேண்டவே வேண்டாம். ஜனவரியில் இங்கே சூரியன் 6.30-க்கு மேல்தான் எழும். அதனால் 6.15-க்குத் தொடங்கினால் வெளிச்சமும் இருக்கும், கடைசி ஆள் 7.45-க்குள் வந்துவிடுவார். 5 கி.மீ.க்கு 90 நிமிடம் என்று அறிவித்துவிடுங்கள், மெதுவாக நடக்கும் பாட்டியும் அதற்குள் வந்துவிடுவார்.

இரண்டு மாதம் முன்பே அனுமதிக்கு எழுதிக் கொடுங்கள். உங்கள் ஊருக்குக் காவல் நிலையம் வழியாக மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகம், கூடவே பேரூராட்சி. பாதை வரைபடமும் நேரமும் பொறுப்பாளரின் போன் எண்ணும் மனுவோடு இருக்க வேண்டும். ரயில் கேட்டைக் கடக்கும் பாதையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நெடுஞ்சாலையில் இடதுபுறம் திரும்பும் பாதை நல்லது, வலதுபுறம் திரும்பினால் 300 பேரும் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டும்.

தூரத்தை பைக் மீட்டரை வைத்து அளந்தால் பிசகும். மீட்டர் பொருத்திய சைக்கிளை எடுத்து, டேப் பிடித்து அளந்த 100 மீட்டரில் மூன்று முறை ஓட்டி மீட்டரைச் சரிபார்த்துவிட்டு, ஓடுகிறவர்கள் போகும் ஓரத்திலேயே ஓட்டி அளந்துகொள்ளுங்கள்.

தண்ணீருக்குக் கணக்கு இது. பாதையில் இரண்டு இடம், ஆளுக்கு ஒரு டம்ளர் 200 மில்லி என்றால் 300 பேருக்கு 120 லிட்டர். முடியும் இடத்தில் ஆளுக்கு அரை லிட்டர், 150 லிட்டர். மொத்தம் 270, அதாவது 20 லிட்டர் கேன் 14. பதினெட்டாக வாங்குங்கள். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் தண்ணீர்ப் பாக்கெட்டும் 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடைசெய்யப்பட்டவை. கல்யாண மண்டபத்தில் 150 எவர்சில்வர் டம்ளர் வாடகைக்கு வாங்கி, ஒவ்வோர் இடத்திலும் கழுவ இரண்டு அண்டாவும் இரண்டு ஆளும் வைத்தால் போதும். தண்ணீர் மேசையை ஒன்றாக வைக்காமல் 10 மீட்டர் இடைவெளியில் இரண்டாக வையுங்கள். முதல் மேசையில்தான் எல்லோரும் மொய்த்து முட்டிக்கொள்வார்கள்.

மருத்துவ ஏற்பாட்டில் கஞ்சத்தனம் கூடாது. 108-க்கு முன்கூட்டியே தகவல், முடியும் இடத்தில் செவிலியர் ஒருவர், ஐஸ் கட்டி 20 கிலோ, ஓஆர்எஸ் பொட்டலம் 50. ஒரு பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவில் கரைத்தால் உப்பின் அளவு கெட்டுவிடும். ஓடி வந்தவர் தள்ளாடி, சம்பந்தமில்லாமல் பேசி, உடம்பு கொதித்தால் அது வெப்பத்தாக்கு. ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் நிழலில் படுக்க வைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறி, கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் வையுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சுருண்டு விழுந்து மூச்சும் பேச்சும் இல்லையென்றால் 108-ஐ அழைத்துவிட்டு, நெஞ்சின் நடுவே இரண்டு கையையும் வைத்து 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். தொண்டர்களில் நான்கு பேராவது இதை முன்பே பழகியிருக்க வேண்டும்.

டி-ஷர்ட்டைப் பற்றி எங்கள் கருத்து: கொடுக்காதீர்கள். 300 டி-ஷர்ட்டுக்கு ஆகும் பணத்தில் கழிப்பறைக்குக் கதவும் தண்ணீர்த் தொட்டியும் வந்துவிடும். மார்பில் குத்தும் எண் அட்டையும், முடித்தவர்களுக்கு இலை போட்டுச் சூடான பொங்கலும் போதும், எவரும் குறை சொல்ல மாட்டார்கள். எண் அட்டையின் பின்பக்கம் பெயர், இரத்தவகை, வீட்டு போன் எண், சாப்பிடும் மருந்து நான்கும் எழுத இடம் விடுங்கள். மறுவாரமே பள்ளிச் சுவரில் வரவு செலவை ஒட்டுங்கள்.

போன வருடம் ஒரு 10 கி.மீ. ஓட்டத்தை முடித்தேன். அதோடு விட்டுவிட்டேன். மறுபடி தொடங்க வேண்டும். எங்கிருந்து?
– வாசகர், திருமங்கலம்

மூன்று மாதத்துக்கு மேல் விட்டுவிட்டால், அனுப்பானடி வாசகருக்குச் சொன்ன மூன்றாம் வாரத்திலிருந்து. பழைய வேகத்தை நினைத்துக்கொண்டு ஓடாதீர்கள். கால் அதை மறந்திருக்கும். இந்த முறையும் விட்டுப்போகாமல் இருக்க, நிகழ்ச்சி முடிந்த மறுநாள் ஓய்வு, அடுத்த வாரம் நடை மட்டும், இரண்டாவது வாரம் பாதித் தூரம் மெது ஓட்டம். அந்த இரண்டாவது வாரம் முடிவதற்குள், 8 முதல் 12 வாரத் தொலைவில் இருக்கும் அடுத்த நிகழ்ச்சிக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள். அருகில் எதுவும் இல்லையென்றால் தமிழக அரசு 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் தொடங்கிய 8 கி.மீ. நடைபாதைத் திட்டத்தில் மதுரைப் பாதை இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே என்று நாட்காட்டியில் குறித்து வைத்து, திருமங்கலத்திலிருந்து வர இன்னொருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.